கோலம் ஒட்டாத வாசல்

என் மாமனாரை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். கத்தி, விஷம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பிரஷ், இரண்டு டின் சீலர், அளவுக்கு மீறிய தன்னம்பிக்கை, இவ்வளவுதான். அவர் இப்போதும் ஸ்ரீரங்கத்தில் சௌக்கியமாக இருக்கிறார். விடிகாலையில் கோயிலுக்குப் போகிறார், பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார், வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் தன் சாவைப் பற்றி ரசித்து ரசித்துச் சொல்கிறார். சொல்லி முடித்ததும் என்னைக் கைகாட்டுவார். நானும் எழுந்து நின்று கும்பிடுவேன். வேறென்ன செய்ய?

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. தில்லைநகரில் ஒரு டைல்ஸ், கிரானைட் கடையில் பில் போடும் வேலை. ஒரு கல்லின் பெயரும் அளவும் சொல்லத் தெரிந்தவனுக்கு அந்தக் கல்லைப் பற்றிய சகலமும் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். (இந்தக் கணக்குப்படி மருந்துக்கடையில் பில் போடுகிறவர் ஆபரேஷன் செய்யலாம்.)

நான் உறையூர்க்காரன். எங்கள் வீட்டில் தறி ஓடும், சாமி கும்பிடுவோம், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பும் வைப்போம். மனைவி வேதா ஸ்ரீரங்கத்துப் பெண். அவர்கள் வீட்டில் பெருமாளைக் கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் வகுப்பில் ஆரம்பித்த எங்கள் காதல் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. கடைசியில் மாமனார் சம்மதித்தார். அவருடைய அண்ணா சம்மதிக்கவில்லை.

வேதாவுக்கு அவர் பெரியப்பா. தகப்பனார் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைப் படிக்க வைத்தது, வேலைக்கு அனுப்பியது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அவர்தான். அடுத்த தெருவில் வீடு. அண்ணாவும் தம்பியும் தினமும் விடிவதற்கு முன் ஒன்றாகக் கிளம்பிப் பெருமாளின் அன்றைய முதல் தரிசனமான விஸ்வரூப சேவைக்குப் போய்வந்துதான் காபி குடிப்பார்கள். எங்கள் கல்யாணப் பேச்சு வந்தபோது பெரியப்பா, "அந்தப் பையன் ஏறின படியை நான் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். வேதா சும்மா இருந்திருக்கலாம். "பெருமாளே உறையூர்லதானே பொண்ணு எடுத்தார், பெரியப்பா?" என்று கேட்டுவிட்டாள். பங்குனி மாதம் ஸ்ரீரங்கத்துப் பெருமாள் உறையூர் நாச்சியாரைப் பார்க்க மாப்பிள்ளையாகக் கிளம்பி வருவது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். பெரியப்பா பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் வரவே இல்லை. அண்ணாவும் தம்பியும் கோயிலுக்குத் தனித்தனியாகப் போக ஆரம்பித்தார்கள்.

இதை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அத்தை (அவர்கள் வழக்கப்படி மாமி என்று கூப்பிட வேண்டும், எனக்கு வாய் வரவில்லை, அவரும் பழகிக்கொண்டார்) எனக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறுவார். மாமனார் "வாங்கோ, உக்காருங்கோ, காபி சாப்பிடறேளா?" என்று கேட்பார். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரையும் அதே வார்த்தைகளால்தான் வரவேற்பார். திட்டியிருந்தால்கூடச் சொந்தக்காரன் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். மாப்பிள்ளை என்று அவர் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. நான் இருக்கும்போது நான் 'நீங்கள்', இல்லாதபோது 'அவர்'.

இப்படி இருக்கும்போதுதான் மாமனாரின் அறுபதாம் கல்யாணம் வந்தது. வீட்டிலேயே, வேண்டியவர்களோடு மட்டும் என்று முடிவு செய்தார்கள். முன்னால் நின்று நடத்தி வைக்க அண்ணா வர வேண்டும். அத்தை நேரில் போய் அழைத்தார். பெரியம்மா குங்குமம் கொடுத்து அனுப்பி வைத்தார். பெரியப்பா பூஜை அறையை விட்டு வெளியே வரவில்லை. அன்று சாயங்காலம் மாமனார் வழக்கம்போலப் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார், ஆனால் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை என்று வேதா சொன்னாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மனிதருக்கு அறுபது வயது நிறைகிற நாளில் அவருடைய அண்ணனை இல்லாமல் செய்தவன் நான். அண்ணனைக் கூட்டிவரும் சக்தி எனக்கு இல்லை. வேறு எதையாவது செய்து அந்த இடத்தை அடைத்துவிட வேண்டும் என்று துடித்தேன்.

அந்த நேரம் பார்த்து அத்தை, "எல்லாம் ஆயிடுத்து, தரைதான் மங்கிக் கெடக்கு" என்று பொதுவாகச் சொன்னார். விடுவேனா?

அந்த வீடு தெருவில் ஆரம்பித்து உள்ளே நீளமாகப் போகும். வாசலில் தெரு ஓரம் வரை கருங்கல் பதித்திருக்கும். உள்ளே நுழைந்தால் ஒரு சின்ன முன்னறை, அதைத் தாண்டினால் கூடம், கூடத்துக்குப் பின்னால் சமையலறையும் மாமனாரின் அறையும். கூடம் முழுக்கக் கறுப்புக் கடப்பாக்கல். ஒரு காலத்தில் முகம் பார்க்கலாம் என்பார்கள். நான் பார்த்தபோது சாம்பல் பூத்து, விளக்கு வைக்கும் இடத்தில் எண்ணெய்க் கறையோடு இருந்தது. கல்லைக் கழுவி, சீலர் என்கிற பூச்சு அடித்து, புதுசாக்கித் தருவதாக அறிவித்தேன். இயற்கைக் கல் மூச்சு விடும், அதன் கண்ணுக்குத் தெரியாத துவாரங்களை மூடாவிட்டால் அழுக்கைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்று செல்போன் வீடியோவில் கேட்டதை அப்படியே ஒப்பித்தேன். மாமனார் பேப்பரைத் தாழ்த்தி, தான் இத்தனை வருஷம் நடமாடிய தரையைச் சந்தேகமாகப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு எங்களுக்குள் நெருக்கம் இல்லாததால் தலையை ஆட்டினார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கடப்பாக்கல்லில் ஆசிட் ஊற்றினால் வெளுத்துப் போய்விடும் என்பது எனக்கு நிஜமாகவே தெரியும். ஒரே ஒரு விஷயம் சரியாகத் தெரிந்திருந்தால் வரும் ஆபத்து இருக்கிறதே, மற்றதும் தெரியும் என்று தோன்றிவிடும். கடைக்கு லீவு போட்டேன். பதமான சோப்புத் தண்ணீர், நார் பிரஷ், பழைய வேட்டித் துணி எல்லாம் எடுத்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்து தேய்த்தேன். வாசல் கருங்கல்லின் துளைகளிலிருந்து வெள்ளையாகக் கரைந்து வந்துகொண்டே இருந்தது. அத்தை நிலைப்படியில் நின்று, "நான் இந்தாத்துக்கு வந்த நாள்லேர்ந்து போட்ட மாக்கோலம் அத்தனையும் அந்தக் கல்லுக்குள்ள இருக்கு" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

கல் நன்றாகக் காய்ந்த பிறகு வாசலுக்கு ஊறிப்போகும் வகைச் சீலர் அடித்தேன். வேதா வந்து பார்த்தாள்.

"இதுல கோலம் ஒட்டுமா?"

"அழுக்குதான் ஒட்டாது" என்றேன்.

கோலத்துக்கும் அழுக்குக்கும் கல் வித்தியாசம் பார்க்கும் என்று எதை வைத்து நம்பினேன், தெரியவில்லை. சற்று நேரம் கழித்து மாமனாரைக் கூப்பிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரைக் கல்லில் ஊற்றிக் காட்டினேன். தண்ணீர் ஊறாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அவர் குனிந்து பார்த்து, "பேஷ்" என்றார். வாங்கோ, உக்காருங்கோ, காபி ஆகியவற்றைத் தாண்டி அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த உற்சாகத்தில் கூடத்துக்குப் போனேன். உள்ளே அடிப்பதற்குப் பளபளப்பு தரும் வேறு வகைச் சீலர் வாங்கியிருந்தேன். மெல்லிசாக ஒரு கோட்டிங், காய்ந்த பிறகு இன்னொன்று என்று டின்னில் எழுதியிருந்தது. நானோ 'பேஷ்' வாங்கியவன். தாராளமாக அடித்தேன், அதன் மேல் இன்னும் தாராளமாக அடித்தேன். போகவர வழி வேண்டுமே என்று சுவரோரமாக ஒரு பட்டை மட்டும் விட்டு வைத்தேன். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தால் முன்னறைக்கும் சமையலறைக்கும் போய்வரலாம். அத்தையும் வேதாவும் சிரித்துக்கொண்டே பழகிவிட்டார்கள். மாமனாருக்கு முட்டி வலி; தொப்பையும் உண்டு. அவரால் நண்டாக முடியாது.

"விடிகாலம்பற கோயிலுக்குப் போகணும், அதுக்குள்ள காஞ்சுடுமோல்லியோ?" என்று பின்னறையிலிருந்து கேட்டார்.

"காஞ்சிடுங்க மாமா. அதுவரைக்கும் காலை மட்டும் வெச்சிடாதீங்க, அச்சு அப்படியே நின்னுடும்."

காயவில்லை. ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம் என்று நடுவில் இருக்கும் ஊரில் காற்றே ஈரமாகத்தான் இருக்கும் என்பதை வடநாட்டு வீடியோக்காரர் எனக்குச் சொல்லவில்லை. முன்னறையில் படுத்திருந்த நான் விடியும் முன் எழுந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். விரலைத் தரை விடமாட்டேன் என்றது. எதிர்க் கரையில் மாமனார் குளித்து, திருமண் இட்டு, அங்கவஸ்திரத்தோடு தயாராக நின்றார். இரண்டு கைகளையும் விரித்தேன். கொல்லைப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். வெளியே போக வழி கிடையாது. யார் போட்ட விதியானாலும் மீறாத மனிதர் அவர். பரிசல் வராத ஆற்றைப் பார்ப்பதுபோலக் கூடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். காய்ச்சலோடுகூட விஸ்வரூபத்துக்குப் போனவர், அன்று போகவில்லை. அறுபதாம் கல்யாணத்துக்கு முதல் நாள்.

அத்தை மாக்கோலக் கிண்ணத்தோடு சுவரோரமாக நகர்ந்து வாசலுக்கு வந்தார். அரிசி மாவை நனைத்த துணியிலிருந்து விரல் வழியே இழை இழையாக இறக்கிப் போடுவது அவர் கை. அன்று இழை இறங்கியது, கல்லைத் தொட்டது, தொட்ட மாத்திரத்தில் சுருண்டு துளித் துளியாகப் பிரிந்து நின்றது. துடைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் அப்படியே. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "புள்ளி நிக்கறது, கோடு நிக்க மாட்டேங்கறது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

தெருவிலாவது போடலாம் என்றால், குழாய் பதிக்கத் தோண்டி வாசலுக்கு நேராக மண்ணைக் குவித்து வைத்திருந்தார்கள். "நல்ல நாளும் அதுவுமா வாசல் வெறிச்சுனு இருக்கப்படாது" என்று அத்தை தவித்தார். நான் உள்ளே ஓடி உலர்ந்த கோலப்பொடி டப்பாவை எடுத்து வந்தேன். அதில் போட்ட கோலம் நிஜமாகவே நின்றது. இரண்டு பேரும் மூச்சு விடுவதற்குள் ஆனி மாதக் காற்று வீசியது. வழுவழுவென்று ஆகிவிட்ட கல்லில் பிடிமானம் ஏது? கோலம் மொத்தமாகக் கிளம்பி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என் கண்களுக்குள் வந்து சேர்ந்தது. அத்தை மாக்கிண்ணத்தை நிலைப்படி அருகில் வைத்துவிட்டு, பெருமாளிடம் முறையிட உள்ளே போய்விட்டார்.

முந்தின நாள் சாயங்காலமே வாசலில் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். வாழைமரமும் தோரணமும் மறுநாள் விடிகாலைதான் வரும். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். கண் இரண்டும் கோவைப்பழமாகி, கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது, மூக்கும் சேர்ந்துகொண்டது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசித்தால் எனக்கே துக்கம் விசாரிக்கத் தோன்றுகிறது. கோலம் இல்லாத வாசல். பந்தல். நாற்காலி. நடுவில் அழுதுகொண்டிருக்கும் மாப்பிள்ளை. போதாததற்கு, அந்த வீட்டுப் பெரியவர் அன்று கோயிலுக்கு வரவில்லை.

எதிர்வீட்டு சம்பத் மாமா கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். வாசலைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். மெதுவாக அருகில் வந்து, என்ன ஆச்சு என்பதுபோலத் தலையை அசைத்தார். தொண்டையில் கோலப்பொடி, பேச்சு வரவில்லை. கோலம் இருந்த இடத்தைக் காட்டி, எல்லாம் போச்சு என்று இரண்டு கைகளையும் விரித்தேன். என் கை வீட்டுக்குள் காட்டியதாக அவர் எடுத்துக்கொண்டார். என் தோளில் கை வைத்து அழுத்தி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். ஒரு கோலத்துக்கு இவ்வளவு வருத்தப்படுகிறாரே, என்ன பண்பான தெரு என்று நெகிழ்ந்தேன்.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராக வந்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, சத்தம் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நாளை விசேஷத்துக்கு இன்றைக்கே கூடமாட உதவ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உறையூரில் விசேஷத்துக்கு முதல் நாள் வருகிறவர்கள் காய் நறுக்கிக்கொண்டு சத்தமாகப் பேசுவார்கள். ஸ்ரீரங்கத்தில் அமைதியாக இருப்பார்கள் போலும். மாப்பிள்ளையாக லட்சணமாக நடந்துகொள்ள வேண்டாமா? சுவரோரமாக நகர்ந்து உள்ளே போய், வேதாவிடம் சொல்லிக் காபி வாங்கி வந்து நீட்டினேன். ஒரு மாமா என்னை அதிர்ச்சியோடு பார்த்தார். "இப்போ எதுக்கு இதெல்லாம்" என்றார் இன்னொருவர். கடைசியில் இருந்தவர் மட்டும், என் மனது புண்படக் கூடாது என்று வாங்கிக் குடித்தார். எழுந்து போனவர்கள் ஒருவர்கூட 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் போனதைக் கவனித்தேன். அந்த இடத்தில்தான் எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. எங்கள் உறையூரிலும் சாவு வீட்டில்தான் அப்படிச் சொல்லாமல் போவோம்.

வேதா செல்போனோடு முன்னறைக்கு வந்து என்னை ஜாடை காட்டிக் கூப்பிட்டாள். பெங்களூரில் இருக்கும் அவள் சித்தி பெண் போன் செய்து, மனசைத் தேத்திக்கோ, அம்மாவைப் பார்த்துக்கோ, சாயங்கால ரயிலில் வந்துவிடுகிறோம் என்று சொன்னாளாம்.

"எதுக்கு?" என்றேன்.

"அப்பா போயிட்டாராம்" என்றாள் வேதா.

இரண்டு பேரும் திரும்பிக் கூடத்துக்கு அப்பால் பார்த்தோம். போனவர் பின்னறையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே போய் எல்லோரிடமும் உண்மையைச் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது? 'மாமா உயிரோடுதான் இருக்கிறார், நான்தான் கோலத்தைக் கொன்றுவிட்டேன்' என்றா? வார்த்தைகளை மனதில் கோத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது தெருமுனையில் ஒருவர் ஓடி வருவது தெரிந்தது. ஓடும் வயதில்லை. காலில் செருப்பில்லை, மேலே துண்டில்லை, ஈர வேட்டி, அவிழ்ந்த குடுமி. தோண்டிப் போட்ட மண் மேட்டைச் சுற்றி வராமல் அதன் மேலேயே ஏறி இறங்கினார். யாரென்று எனக்கு விளங்குவதற்குள், நான் ஏறிய அந்தப் படியில் பெரியப்பா கால் வைத்துவிட்டார்.

நிலைப்படி அருகில் இருந்த மாக்கிண்ணம் அவர் காலில் பட்டுக் கவிழ்ந்தது. அரிசி மாவை இரண்டு பாதங்களாலும் மிதித்துக்கொண்டு உள்ளே போனார். "பெரியப்பா, கூடம்" என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. ஈரம் காயாத சீலரில், சளக் சளக் என்று ஒவ்வொரு காலையும் பிய்த்துப் பிய்த்து எடுத்து வைத்து, நேராக நடுக்கூடத்தின் வழியே போனார். வாசல் கல் வேண்டாமென்று தள்ளிய மாவைக் கூடம் பிடித்து வைத்துக்கொண்டது. அவருக்குப் பின்னால் பளபளக்கும் கறுப்புத் தரையில் வெள்ளை வெளேரென்று பாதங்கள் விழுந்துகொண்டே போயின.

நான் நண்டாக மாறி அவசரமாகப் பின்தொடர்ந்தேன். போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா அறை வாசலில் தம்பியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். மாமனார் கையில் இட்லித் துண்டு பாதி வழியில் நின்றது. அத்தை சமையலறை வாசலில் அசையாமல் நின்றார். பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"ஏன்டா இன்னிக்குக் கோயிலுக்கு வரலை?" என்றார்.

மாமனார் இட்லியைத் தட்டில் வைத்தார். "கூடம் காயலை, அண்ணா."

பெரியப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. "தெனம் உன் முதுகைப் பார்த்துண்டு பின்னாடிதான்டா நிக்கறேன்" என்றார். "இன்னிக்கு முதுகைக் காணோம். திரும்பி வந்து கெணத்தடியில நிக்கறேன், உன் வாசல்ல கோலமில்லைங்கறா." மாமனார் முட்டி வலியை மறந்து கீழே அண்ணாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். இட்லிக் கையைக் கழுவவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. எனக்குக் கோலப்பொடி இல்லாமலேயே கண்ணில் கொட்டியது.

அத்தைதான் முதலில் சுதாரித்துக்கொண்டு காபி கலக்கப் போனார். பெரியப்பாவின் உள்ளங்கால்களில் சீலரும் மாவும் சேர்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தன. நான் தேங்காய் எண்ணெயும் பழைய துணியும் எடுத்து வந்து, அவர் காலடியில் உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தேன். கல்யாணத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவார்கள். எங்கள் கல்யாணத்தில் அதெல்லாம் நடக்கவில்லை. இப்போது தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. பெரியப்பா காலை இழுத்துக்கொள்ளவில்லை. வெகுநேரம் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேர் என்ன?" என்று கேட்டார்.

"செந்தில்ங்க."

"உறையூர்ல எங்கே?"

"நாச்சியார் கோயிலுக்குப் பக்கத்துலதாங்க."

அவர் தம்பியின் பக்கம் திரும்பி, "பெருமாளே வருஷா வருஷம் அந்த ஊருக்கு மாப்பிள்ளையாப் போயிட்டு வரார். நான் என்னத்தைக் கண்டேன்" என்றார். வேதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்ட கேள்விக்கு ஒருவழியாகப் பதில் வந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லிக் காட்டாமல் விட்டாள். என் மனைவி வாயடக்கியது அந்த ஒரு தடவைதான்.

பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். கூடம்தான் போய்விட்டதே, இனி என்ன என்று அண்ணாவும் தம்பியும் கைகோத்துக்கொண்டு நடுக்கூடத்திலேயே நடந்து வாசலுக்கு வந்தார்கள். இறந்தவர் அண்ணன் கையைப் பிடித்தபடி வெளியே வந்து நின்று, எல்லோரும் நாளைக்கு அவசியம் வரணும் என்று கேட்டுக்கொண்டார். ஒருவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். சம்பத் மாமா எழுந்து, வேறு எதுவும் தோன்றாமல், "சௌக்கியமா?" என்று விசாரித்தார். துக்கத்துக்குப் போய்வந்தால் ஸ்நானம் செய்ய வேண்டும்; துக்கமே இல்லை என்று ஆனபின் செய்ய வேண்டுமா, வேண்டாமா என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பெரியப்பாவைக் கேட்டார். "செத்தவன் இங்கதானே நிக்கறான், அவனையே கேளும்" என்றார் பெரியப்பா. அன்று அந்தத் தெரு சிரித்த சிரிப்பில் ஷாமியானா விழுந்திருக்க வேண்டும்.

மத்தியானம் முழுக்க நான் வாசலில் மணலைக் கொட்டிச் செங்கல் துண்டால் கல்லைத் தேய்த்தேன். ஊறிப்போன சீலர் லேசில் விடவில்லை. பெரியப்பா நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்து, இங்கே இன்னும் கொஞ்சம், அங்கே இன்னும் கொஞ்சம் என்று வேலை வாங்கினார். வேலை வாங்குகிற உரிமையை ஒருவர் நம்மிடம் எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று கை கொப்பளித்தபோதுதான் புரிந்தது. ஒரு கோலத்துக்குப் போதுமான சதுரம் கிடைத்தது. மறுநாள் விடிகாலை அத்தையும் பெரியம்மாவும் சேர்ந்து அதில் இழைக்கோலம் போட்டுக் காவி பூசினார்கள். கோடு நின்றது. அண்ணா முன்னால் நின்று தம்பிக்கு அறுபதாம் கல்யாணம் நடத்தி வைத்தார். நான் கையெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு பந்தி பரிமாறினேன்.

இன்றைக்கும் அந்த வாசலில் அந்தச் சதுரத்தில் மட்டும்தான் கோலம் ஒட்டும். மழை பெய்தால் மற்ற இடமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர் உருளும். கூடத்துப் பாதங்களையும் எடுத்துவிடலாம் என்று எங்கள் கடையில் வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போனேன். மாமனார் அவருக்குக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். கோகுலாஷ்டமி தோறும் அத்தை வாசலிலிருந்து குட்டிக் குட்டியாகக் கிருஷ்ணன் பாதம் வரைந்துகொண்டு வருவார். கூடத்தை எட்டியதும் எழுந்துவிடுவார். அதற்கு மேல் உள்ளே போவது பெரியப்பாவின் அகலமான பாதங்கள்தான். எங்கள் வீட்டுக் கிருஷ்ணனுக்குத்தான் ஊரிலேயே பெரிய கால் என்று வேதா சொல்வாள்.

அண்ணாவும் தம்பியும் மறுபடி ஒன்றாகக் கோயிலுக்குப் போகிறார்கள். நான் புத்திசாலித்தனமாகச் செய்த எத்தனையோ காரியங்களால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடைத்ததில்லை. அந்த ஒரு முட்டாள்தனத்துக்காக நான் பெருமாளுக்கும், ஆனி மாதக் காற்றுக்கும், காயாமல் அடம்பிடித்த அந்தத் தரைக்கும் நன்றி சொல்லாத நாளில்லை.

போன வாரம்கூடப் புதிதாகக் குடிவந்த ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கூடத்தைப் பார்த்தவர், இது என்ன பாதம், ஏதாவது விசேஷமா என்று பக்தியோடு கேட்டார். மாமனார் பேப்பரை மடித்து வைத்தார்.

"என் சாவுக்கு அண்ணா ஓடிவந்த அடி அது" என்றார்.

வந்தவர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் விழித்தார். மாமனார் சாவகாசமாக என் பக்கம் கையைக் காட்டினார்.

"என்னைக் கொன்னவர் இவர்தான். எங்காத்து மாப்பிள்ளை."

நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.